இரண்டாவது கையெழுத்து

நான் மெதுவாக எழுதுகிறவன். டீ ஆறிவிடும், நீங்கள் குடித்துவிடுங்கள்.

நானும் என் மனைவியும் ஆங்கில அகராதி அலுவலகத்தில் ஒரே மேசையின் இரு பக்கம் உட்கார்ந்து இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தோம். ஒரு சொல் முதன்முதலில் எந்த ஏட்டில் வந்தது என்று தேடி அட்டையில் எழுதவேண்டும். கண்டுபிடித்தவர் கையெழுத்து ஒன்று. அதே பக்கத்தைக் கண்ணால் பார்த்த இன்னொருவர் கையெழுத்து ஒன்று. இரண்டும் இல்லாத அட்டை செல்லாது.

என் சொல் 'எயர்லூம்', தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் வீட்டுப் பொருள். எயர் என்றால் வாரிசு. லூம் என்றதும் எல்லோரும் தறியை நினைப்பார்கள். அந்தக் காலத்தில் அது வெறும் தட்டுமுட்டுச் சாமான். இந்த இரண்டையும் முதலில் ஒட்டவைத்தவன் யார் என்று பதினோரு ஆண்டு தேடி ஒரு சான்றைப் பிடித்திருந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சொல்லின் கீழ் என் பெயர் அச்சாகும் என்பதை வைத்துத்தான் நாளை ஓட்டினேன்.

அன்று மத்தியானம் அவள் ஓர் அட்டையை நீட்டினாள். ஏதோ ஒரு பழைய உயில் தொகுப்பில் அதே சொல், என் சான்றைவிட முப்பத்தொரு ஆண்டு மூத்தது. வேறு சொல்லைத் தேடப் போனபோது கண்ணில் பட்டதாம்.

"இத்தனை வருஷமா உங்க முதுகுக்குப் பின்னாடிதாங்க இருந்திருக்கு" என்று சிரித்தாள்.

எனக்குக் காட்டுவதற்காக ஏணியில் ஏறினாள். உச்சித் தட்டு, கீழே வழுக்கும் தரை. ஒருவர் ஏறினால் மற்றவர் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். பிடித்துக்கொண்டேன்.

கண்டுபிடித்தவர் இடத்தில் என் பெயர் இருக்கட்டும், நீ இரண்டாவதாகப் போடு என்றேன். மூன்று முறை கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"வேற எது வேணா கேளுங்க. பொய்யா ஒரு அட்டைய உள்ள வெச்சுட்டு, நாளைக்கு உங்க எதிர்ல எப்படிங்க உக்காருவேன்?"

நான் தள்ளவில்லை. கையை எடுத்தேன், அவ்வளவுதான்.

விழுந்த பிறகும் அவளுக்குப் பேச்சு இருந்தது. யாரையாவது கூப்பிடச் சொன்னாள். கூப்பிடத்தான் இருந்தேன். பக்கத்தில் அந்தத் தொகுப்பு கிடந்தது, எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. உடனே புதிய அட்டை எழுத உட்கார்ந்தேன். சொன்னேனே, நான் மெதுவாக எழுதுகிறவன். முடித்து நிமிர்ந்தபோது அறையில் சத்தம் ஏதும் இல்லை.

ஐயா, வாக்குமூலத்தில் நீங்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் அட்டையில்தான் இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது. அவள் இருந்திருந்தால் எப்படியும் மனம் இறங்கிப் போட்டிருப்பாள். தொகுப்பு உங்கள் மேசையிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நீங்கள் போட்டுத் தருவீர்களா?