முன்கையின் இரண்டு எலும்புகள்

களிமண்ணில் கையைச் செய்யக் கற்பது பெரிய வித்தையில்லை. மூன்று வாரம் போதும். மேல்கை ஓர் உருளை. முன்கை, முழங்கைப் பக்கம் பருத்து மணிக்கட்டில் தட்டையாகும் பெட்டி. மாலை வகுப்பில் பத்தொன்பது வருடங்களாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். யாரும் குறை சொன்னதில்லை.

சொன்னவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. களிமண் சிற்பம் படித்துவிட்டு, வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தான். ஒருநாள் வகுப்பை எட்டிப் பார்த்தவன், நான் செய்த களிமண் கையின் முன் நின்றான். உள்ளங்கை தரையைப் பார்க்க நீண்டிருக்கும் கை.

“என்ன அத்தான், கை குப்புறப் படுத்திருக்கு, எலும்பு மட்டும் மல்லாந்து தூங்குது?”

மாணவர்கள் சிரித்தார்கள். அவன் தன் முன்கையைத் திருப்பிக் காட்டினான். உள்ளே இரண்டு எலும்புகள். கையைக் கவிழ்த்தால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன் குறுக்கே போகும், பெட்டி முறுக்கிக்கொள்ளும். என் பெட்டி முறுக்கவில்லை. அவன் பத்து நிமிடம் களிமண்ணை அழுத்தினான். அது கையானது.

அதன்பின் மாணவர்கள் சந்தேகங்களை அவனிடம் கேட்டார்கள். நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, “நீங்களும் எத்தனை நாள்தான் சார் கஷ்டப்படுவீங்க? தம்பி பாத்துக்கட்டுமே” என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கும் அசதியாகத்தான் இருந்தது.

“உன் கையை அச்செடுத்துக்கறேன் மாப்ள. பாத்துப் படிக்கணும்” என்றேன்.

“நீங்க என்கிட்ட படிக்கறதா? அக்கா நம்பவே மாட்டா” என்று வலது சட்டைக் கையைச் சுருட்டினான்.

உயிருள்ள கையை அச்செடுக்க, ரப்பர்போல இறுகும் மாவு ஒன்று உண்டு. தீர்ந்துவிட்டது என்றேன். டப்பா நிறைய இருந்தது. சிலை வார்க்கும் பிளாஸ்டரை வெந்நீரில் கெட்டியாகக் கலந்து வாளியில் ஊற்றினேன். அவன் முன்கைவரை உள்ளே விட்டான். இறுகும்போது பிளாஸ்டர் கொதிக்கும். மெல்லிய பூச்சு என்றால் தாங்கலாம், வாளி நிறைய என்றால் முடியாது. அவன் களிமண்காரன். அவனுக்கு அது தெரியாது.

“அத்தான், சுடுது.”

“அப்படித்தான் இருக்கும். விரலை அசைக்காதே.”

“அத்தான், கை வரமாட்டேங்குது.”

கலந்த பாத்திரத்தைக் கழுவினேன். உடனே கழுவாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அவன் கத்தத் தொடங்கியபின் கரண்டியையும் கழுவினேன். உளியும் சுத்தியலும் மேஜைமேல்தான் இருந்தன. கடைசியில் பக்கத்துத் தச்சர் ஓடிவந்து வாளியை உடைத்தார். மருத்துவமனையில் கட்டைவிரல் உட்பட மூன்று விரல்களை எடுத்தார்கள்.

மனைவி ஒன்றுதான் கேட்டாள். “அவன் கத்தினது உங்க காதுல விழலையா?” விழுந்தது என்றேன். அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை.

என் வாக்குமூலத்தில் நீங்கள் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதை அடித்துவிடுங்கள். தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். பொறாமை என்றும் எழுத வேண்டாம். அவனிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வேலையில் எனக்குத் தவறு நேர்ந்ததே கிடையாது. அது மட்டும் சரியாகப் பதிவாகட்டும்.