சின்னவனை நிறுத்திய நாள்

டீ ஆறிப்போய்விட்டது, பரவாயில்லை. பத்தொன்பது வருடமாக ஆறின டீயே குடித்துப் பழக்கம். வேறு கொண்டுவரச் சொல்ல வேண்டாம்.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளைப் அழைப்பவருக்குப் பக்கத்திலுள்ள நிலையத்துக்குத் திருப்பிவிடும் மென்பொருளைக் கவனிப்பதுதான் என் வேலை. அது இரண்டு இயந்திரங்களில் இருக்கிறது. ஒன்றைப் பெரியவன் என்போம், மற்றதைச் சின்னவன் என்போம். பெரியவன் விழுந்தால் ஒன்பது விநாடியில் சின்னவன் எழுந்து வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும். அவனை எழுப்புவதற்கென்றே ஒரு காவல் நிரல் உண்டு. அது அடிக்கடி மக்கர் பண்ணும். வாரத்தில் நான்கு முறையாவது கறுப்புத் திரைமுன் உட்கார்ந்து, அதன் நிலையைக் கேட்டு, நிறுத்தி, கட்டளை தட்டி மறுபடி தொடக்கிவிடுவேன். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஐந்து வருடமாக ஒரு நிமிடம்கூடத் தடங்கல் இல்லை என்று விருது கொடுத்தார்கள். மேனேஜர் மேடையேறி வாங்கினார். "எங்க சிஸ்டத்துக்கு ஆளே தேவையில்ல, தானா ஓடும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான். வீட்டில் மனைவி போட்டோவைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க, காணோமே?" என்றாள். அவள் தம்பி பக்கத்தில் இருந்தான். "மாமா ஆபீஸுக்கு வர்றாரா இல்லையான்னே அவங்களுக்குத் தெரியாதுக்கா" என்று சிரித்தான். சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அடுத்த மாதமே, மாதக் கடைசியோடு என் பணியிடம் தேவையில்லை என்று கடிதம் வந்தது. மேனேஜரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாம் அதுபாட்டுக்கு நடக்குது. நீங்க என்னதான் செய்றீங்கன்னு மேல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

உப்பின் அருமை உப்பில்லாதபோதுதான் தெரியும் என்பார்கள். ஒருநாள் இல்லாமல் காட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் சின்னவனின் காவல் நிரலை நிறுத்தினேன். ஒரே ஒரு வரி. திரையில் சின்னவனுக்கு நேரே, தயார் என்று காட்டும் பச்சை விளக்கு மாறவில்லை. அந்த விளக்கை மாற்றுவதே அந்த நிரல்தான். அது செத்தால் கடைசியாகச் சொன்னதையே திரை காட்டிக்கொண்டிருக்கும். எங்கள் அறையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்து பெரியவனை நிறுத்தினேன். மூன்று நிமிடத்தில் என்னிடம் ஓடிவருவார்கள் என்பது என் எண்ணம். தொடக்கும் கட்டளையைத் தட்டி வைத்தேன். என்டர் மட்டும்தான் பாக்கி.

ஓடினார்கள், ஆனால் என்னிடம் வரவில்லை. மேனேஜர் மென்பொருள் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். "சின்னவன் பச்சையிலதாங்க இருக்கான், லைன்லதான் ஏதோ கோளாறு" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். என்னைக் கடந்து இரண்டு தடவை போனார். "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்றார். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் அன்று நடந்த பேச்சு.

கிடைக்காத அழைப்புகளின் பட்டியல் தனித் திரையில் வரும். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரே எண் பதினேழு முறை வந்தது. முதலில் நிமிடத்துக்கு ஒன்று, பிறகு நிமிடத்துக்கு மூன்று. அப்புறம் வரவில்லை. வேறு வண்டி கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்தோராவது நிமிடத்தில், கம்பெனிக்காரர் போனில் சொல்லச் சொல்ல, மேனேஜரே இரண்டு இயந்திரங்களையும் அணைத்து மறுபடி போட்டார். எல்லாம் எழுந்துவிட்டது. அதற்குக்கூட நான் தேவைப்படவில்லை.

ஆறு வயதுப் பெண் குழந்தை, மூச்சிரைப்பு, பதினேழு முறை போன் செய்தது அதன் அம்மா என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். மறைக்க ஒன்றுமில்லை. இரண்டையும் நிறுத்தியது நான்தான். பதினேழையும் எண்ணியது நான்தான். அவ்வளவு நேரமும் என் விரல் என்டர் மேல்தான் இருந்தது.

வாக்குமூலத்தில் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை "அண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று வாய் திறந்து கேட்டிருந்தால், அந்தக் குழந்தையை நான் காப்பாற்றியிருப்பேன்.