ஆளில்லாவிட்டால் திரும்பிவிடும் பஸ்

மன்னாருக்கு வரும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். யன்னலோரம் இருந்தவர் பஸ் புறப்படும் கடைசி ஊரிலேயே ஏறியவர். வழியில் மரக்கறிப் பையோடு ஏறியவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"அக்கா ஆஸ்பத்திரிக்கோ?"

"இல்லை. எனக்கு டவுனில ஒரு அலுவலும் இல்லை."

மரக்கறிப் பைக்காரி திரும்பிப் பார்த்தார்.

"இப்ப பள்ளிக்கூட லீவெல்லோ. எங்கட ஊரில ஏற ஆள் இல்லாட்டி பஸ் உள்ளுக்கு வராம சந்தியோட திரும்பிடும். அப்பிடியே பழகினா பிறகு பள்ளிக்கூடம் தொடங்கினாலும் வராது. அது யானை வாற றோட்டு, பிள்ளையள் நடக்கேலாது. முந்தி ஒருக்கா பஸ் வராம நிண்டு, ரெண்டு பிள்ளையள் படிப்பை விட்டிட்டுதுகள்."

"அதுக்காக ஒவ்வொரு நாளும் வாறீங்களோ?"

"மூண்டு பேர் முறை வச்சுத்தான் வந்தனாங்கள். ஒராள் குவைத்துக்குப் போட்டா. மற்றவ குடும்பத்தோட படகேறி இந்தியாவுக்குப் போட்டா."

"உங்கட பிள்ளையள் எத்தினையாம் ஆண்டு படிக்குதுகள்?"

"எனக்குப் பிள்ளையள் இல்லை."

மரக்கறிப் பைக்காரி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பஸ் திரும்பி ஊருக்குப் போகுமட்டும் என்ன செய்வீங்கள்?"

"ஸ்டாண்டில இருந்து, டவுனில திரியிற கழுதையளைப் பாப்பன்."

"தனியாவோ?"

"ஓம். திங்கள் பள்ளிக்கூடம் தொடங்குது. பிறகு இந்த பஸ்ஸில எனக்கு இருக்க இடம் கிடையாது" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவர் தண்ணீர்ப் போத்தலோடு, அந்த பஸ் தெரிகிற வாங்குப் பலகையில் போய் இருந்தார்.