இரண்டு தடவை கேட்டேன்

எங்கள் ஊரில் ஓர் உயிரின் விலை ஒரு கிலோ பிஸ்தா. உப்புப் போட்டு வறுத்தது. தமாவந்த் மலையிலிருந்து நாங்கள் யாரையாவது உயிரோடு இறக்கிக்கொண்டு வந்தால், பத்து நாள் கழித்து அந்தக் குடும்பம் எங்கள் ரேய்னேவுக்கு வந்து, மீட்பு நிலையத்து மேசையில் பொட்டலத்தை வைத்து, கொஞ்சம் அழுதுவிட்டுப் போகும். கால்விரல் ஒன்றிரண்டு குறைந்து ஆள் திரும்பினால் அரைக் கிலோ. தெஹ்ரான்காரர்கள் கொண்டுவருவதில் பெட்டி பிரமாதமாக இருக்கும், உள்ளே பாதி காகிதம். குறை சொல்லவில்லை. கடைத்தெருவில் பிறந்தவனுக்கு எதையும் எடை போடாமல் பார்க்க வராது, அவ்வளவுதான்.

காவல் நிலையத்து டீக்கு நன்றி, அதிகாரி ஐயா. இரண்டு தடவை வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவையும் கேட்டுக் கையில் கொடுத்தீர்கள். முறை தெரிந்தவர். அதனால் நான் சொல்லப்போவதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் கியூமர்ஸ். வயது நாற்பத்தாறு. ஆறு வருடமாக ரேய்னே மீட்பு நிலையத்தின் தலைவன். அப்பாவுக்கு ஆமோல் கடைத்தெருவில் செம்புப் பாத்திரக் கடை. யார் விலை கேட்டாலும் அப்பா நெஞ்சில் கை வைத்து, "உங்களுக்குப் போய் விலையா? சும்மா எடுத்துட்டுப் போங்க" என்பார். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்பார் வந்தவர். மறுபடி சும்மா, மறுபடி ஐயோ. மூன்றாவது சுற்றில்தான் விலை வெளியே வரும், நியாய விலையைப் போல இரண்டு மடங்காக. ஒரு தடவை ஒரு டச்சுக்காரர் முதல் சுற்றிலேயே நன்றி சொல்லிவிட்டு, டீக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் சமோவார்களில் கடையிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அப்பா பாலம் வரை ஓடிப் பிடித்தார். "நீங்கதானே குடுத்தீங்க?" என்றாராம் அந்த மனிதர். அப்பா சாகும்வரை அவரைக் கொலைகாரன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

நொஸ்ரத் கான் விஷயத்துக்கு வருகிறேன்.

அவரைப்போல நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் நான் அவரை வெறுத்தேன் என்று சொல்லக் கூடாது. அறுபது வயது. முப்பது வருடம் அந்த மலையில் ஆட்களைத் தேடி எடுத்தவர். ஒரு கதவு வழியாக அவரோடு உள்ளே போவதற்குள் விடிந்துவிடும். "நீங்க முதல்ல." "நீங்க இருக்கும்போது நானா?" கடைசியில் இரண்டு பேரும் வெளியிலேயே நின்று பேசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் பனிச்சரிவு ஒன்று என்னை மூடிவிட்டது. கையில் கிடைத்த சட்டி மூடியால் தோண்டி என்னை எடுத்தவர் அவர். என் கையுறை இரண்டும் பனியோடு போய்விட்டன. தன்னுடையதைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். எனக்குப் பத்து விரலும் இருக்கின்றன, பாருங்கள். அவருக்கு எட்டு.

நான் கடன்பட்டவன். தீர்க்க ஆசைப்பட்டேன். ஒரு கம்பளம் கொண்டுபோனேன். அதை அடிவாரத்துப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டார், என் பெயரில். அவர் மகளுக்கு ஆமோலில் வேலை பார்த்துவைத்தேன். "பாவம், வேற யாராவது இல்லாதப்பட்டவங்களுக்குக் குடு தம்பி" என்றார். கடைசியில் நிலையத்துத் தலைவர் பதவி காலியானபோது மேலிடம் அவரைத்தான் கூப்பிட்டது. மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் மறுத்து, "கியூமர்ஸ் இருக்கும்போது நான் எதுக்கு?" என்று என்னைக் காட்டினார். அவருடைய வேண்டாம் நிஜ வேண்டாமாக இருந்தது அந்த ஒரு முறைதான்.

அப்புறம் எந்த விருந்தானாலும் இதே கதை. யாராவது என் விரல்களைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். நான் எழுந்து நன்றி சொல்வேன். அவர் தன் எட்டு விரலையும் ஆட்டி, "அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. அந்த ரெண்டும் சும்மாதான் கிடந்துச்சு" என்பார். கூட்டம் சிரிக்கும். நானும்தான் சிரிப்பேன், நல்ல நகைச்சுவைதானே. ஒன்பது வருடம் சிரித்தேன். வியாபாரிக்குப் பணம் வராதது கஷ்டம் என்று நினைப்பீர்கள். அதைவிடக் கஷ்டம், நீங்கள் பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்போது எதிரே இருப்பவர் கையை நீட்டாமல் புன்னகைப்பது.

அந்த நாள் கடுங்குளிரான பஹ்மன் மாதம் மூன்றாம் வாரம். நாங்கள் நாலாயிரத்து இருநூறு மீட்டரில் இருக்கும் கல் தங்குமிடத்தில் இருந்தோம். நான், என் கீழ் வேலை பார்க்கும் பெண் மஹ்லகா, இன்னும் ஒரு ஆள். நொஸ்ரத் கானும் கூட வந்திருந்தார், சும்மா, எங்களுக்குச் சூப் வைத்துக்கொடுக்க. தப்ரீஸிலிருந்து வந்த இரண்டு பேர் மேலே மூடுபனியில் வழி தவறிவிட்டதாகத் தகவல் வந்தது. நாங்கள் பூட்ஸைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கிளம்பிவிட்டார். மதியம் ஒன்றே முக்காலுக்கு அந்த இரண்டு பேரும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் சிவந்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தார்கள்.

"பெரியவர் எங்கே?" என்றாள் மஹ்லகா.

"'நீங்க முன்னாடி போங்க, நான் பின்னால வர்றேன்'னாரு. ரொம்ப மரியாதையான மனுஷன்" என்றார் தப்ரீஸ்காரர், சூப்பைப் பார்த்துக்கொண்டே.

வயர்லெஸில் கூப்பிட்டேன். முழங்கால் திருகிக்கொண்டது, ஒரு பாறையோரம் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். எங்களிடமிருந்து நாற்பது நிமிடத் தொலைவு. நாலு மணிக்குப் பனிப்புயல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நாங்க மேல வரட்டுமா, நொஸ்ரத் கான்?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? இப்பத்தான் உட்கார்ந்திருப்பீங்க. மெல்ல இறங்கி வந்துடறேன்."

"முழங்கால் எப்படி இருக்கு?"

"ரெண்டும் இருக்கு தம்பி. எண்ணிப் பார்த்துட்டேன்."

"ஸ்ட்ரெச்சர் தயாரா இருக்கு. சொல்லுங்க, கிளம்பிடறோம்."

"உங்க நிழல் என்னைக்கும் குறையாம இருக்கணும். வேணாம்ப்பா."

வயர்லெஸை அவர் அணைக்கவில்லை. மூச்சு கேட்டது. காற்றும் கேட்டது. அதிகாரி ஐயா, வேண்டாம் என்பதில் எத்தனை வகை என்று கடைத்தெருக்காரனைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போகிறவருக்கு நிஜமாகவே வேண்டாம். சொல்லிவிட்டு வாசற்படியில் செருப்பைத் தேடுகிறவருக்கு வேண்டும். இருபது வருடம் அந்த வாசற்படியைப் பார்த்து வளர்ந்தவன் நான். நொஸ்ரத் கான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். பதிவேட்டில் எழுதினேன்: இரண்டு முறை உதவி அளிக்க முன்வரப்பட்டது, இரண்டு முறை மறுக்கப்பட்டது, 1.52. என் கையெழுத்து நன்றாக இருக்கும், நீங்களே பாராட்டினீர்கள்.

"நிஜமாவே வேணாம்னாரா?" மஹ்லகா ஒரு காலில் பூட்ஸோடு நின்றாள்.

"நீயும் கேட்டுட்டுத்தானே இருந்தே?"

"அவர் எதுக்குத்தான் வேணும்னு சொல்லியிருக்காரு, தலைவரே? பசிச்சாக்கூட வேணாம்னுதான் சொல்லுவாரு. குடுங்க, நான் ஒரு தடவ கேக்கறேன்."

"அவரோட பேட்டரிய தீர்க்காதே. முப்பது வருஷம் மலையில இருந்தவரு. அவர் வார்த்தைய மீறிப் போய் நின்னா அவருக்கு எவ்வளவு அவமானம்? உன் அப்பாவா இருந்தா இப்படிச் செய்வியா?"

நியாயமான பேச்சு. அவள் பூட்ஸைக் கழற்றவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டாள். தப்ரீஸ்காரர்கள் ஒரு வேடிக்கைக் கதை சொன்னார்கள், தங்கள் ஊர்க் கஞ்சன் ஒருவன் ஐஸ் வாங்கப் போன கதை. நன்றாகச் சிரித்தோம். வெளியே வெயில்கூட இருந்தது.

மூன்று மணிக்கு மஹ்லகா உருக்குவதற்குப் பனி அள்ள வெளியே போயிருந்தாள். வயர்லெஸ் ஒரு தடவை கரகரத்தது.

"கியூமர்ஸ்... அங்க டீ எப்படி இருக்கு?"

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்த மனிதர் வாழ்நாளில் கேட்ட மிகப் பெரிய உதவி அதுதான். அவருக்கு அதைவிடச் சத்தமாகக் கேட்கத் தெரியாது. ஒன்பது வருடமாக நான் காத்திருந்த கை கடைசியில் நீண்டுவிட்டது. எனக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

"பிரமாதமா இருக்கு, நொஸ்ரத் கான். உங்க இடம்தான் காலியா இருக்கு" என்றேன்.

நாம் எல்லோரும் சொல்வதுதானே, விருந்துக்கு வராதவரிடம். ஒரு வார்த்தை தப்பில்லை.

"என் இடத்துல நீங்க எல்லாரும் குடிங்க" என்றார் அவர். அதற்கும் அதுதான் முறையான பதில்.

நாலு மணிக்குப் புயல் வந்தது, சொன்ன நேரத்துக்கு. மஹ்லகா கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு தடவை கதவுக்குப் போனாள். தலைவன் என்ற முறையில் தடுத்தேன். புயலில் ஆள் அனுப்பக் கூடாது என்பது விதி, அதில் சரியாகத்தான் நடந்தேன். மறுநாள் காலை அவரைக் கண்டுபிடித்தோம். மேலே வருகிறவர்களுக்குப் பாதையை மறிக்காமல், ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். அவர்களுடைய படிவத்தில் "உதவி அளிக்கப்பட்டதா?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை தடவை என்று கட்டம் இல்லை. எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

ஏழாம் நாள் துக்கத்துக்குப் போனேன். அவர் மனைவி ஃபரங்கீஸ் அம்மா எல்லோருக்கும் பேரீச்சம்பழமும் ஹல்வாவும் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து நின்றார்.

"நீங்க ரெண்டு தடவ கேட்டீங்களாம்."

"ஆமாம், அம்மா. ரெண்டு தடவையும் மறுத்துட்டாரு."

"ரெண்டு தடவ" என்றார் மறுபடியும். முப்பத்தைந்து வருடம் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். பிறகு உள்ளே போய் அவருடைய பனிக்கோடரியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். "அவர் ஞாபகமா நீங்க வச்சுக்குங்க."

நல்ல பொருள், பழைய வேலைப்பாடு. எனக்கு வேண்டும்தான். நெஞ்சில் கை வைத்தேன். "இது உங்க வீட்டுல இருக்க வேண்டிய பொருள், அம்மா. எனக்கு எப்படி?"

"சரி" என்றார். எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். மறுபடி கேட்கவில்லை. அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். யாரோ ஒருவர் கையிலிருந்த டீக் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து ஊரில் இதே கதை. ரொட்டிக்கடை ஸஃப்தர், பதினைந்து வருடமாக "உங்ககிட்டப் போய்க் காசா?" என்று மூன்று சுற்று முடித்துத்தான் வாங்குவார், இப்போது நான் காசை நீட்டினால் டப்பென்று வாங்கிக் கல்லாவில் போடுகிறார். வண்டிக்காரர் வாசலில் இறக்கிவிட்டு, நான் கேட்பதற்கு முன்னால் கூலி சொல்கிறார். யாராவது வீட்டில் டீ வேண்டாம் என்றால் டீ இல்லை. கதவுகளில் யாரும் எனக்கு வழிவிடுவதில்லை, எனக்கும் யாருக்கும் வழிவிட வாய்ப்பில்லை. ஒரு மாதத்தில் நாலு கிலோ இளைத்துவிட்டேன், சிரிக்காதீர்கள், விருந்துக்குப் போய்ப் பட்டினியாகத் திரும்புகிறேன். மஹ்லகா மட்டும் கேட்கிறாள். ஒரே ஒரு தடவை, என் கண்ணைப் பார்த்து.

அதனால்தான் இங்கே வந்தேன். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள், அது பெரிய வார்த்தை. எல்லாம் ஒரு முடிவுக்கு வந்தால் ஸஃப்தர் பழையபடி ஆகிவிடுவார் என்று நினைக்கிறேன். மூன்றாம் தடவை கேட்டிருந்தால் சரி என்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை. அவரை நான் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை, மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவும் இல்லை. ஆனால் கொன்றது நான்தான். இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டுமென்றாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் கூட்டிப் பார்த்துவிடுவோம், பழக்கதோஷம். அவர் எனக்குக் கொடுத்தது: ஓர் உயிர், இரண்டு விரல், ஒரு பதவி. நான் அவருக்குக் கொடுத்தது: இரண்டு கேள்வி. பாக்கி ஒரு கேள்விதான் நிற்கிறது. நொஸ்ரத் கான் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.