மேல்வீட்டு லட்டு

பஹ்ரைனில், ஈசா டவுன் கிளினிக்கில் டோக்கனோடு காத்திருந்தோம். பத்தாவது படிக்கும் என் மகள் காய்ச்சலிலும் மடியில் புத்தகத்தை விரித்திருந்தாள். முன்வரிசையில் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

“பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஓடுறதுக்கு அமெரிக்கா காலேஜ்ல சீட்டாம், மாலா!” என்றார் மூத்தவர்.

“யாருக்குக்கா?”

“எங்க மேல்வீட்டு கார்த்திக். மாமா வீட்டுல தங்கி ரெண்டு வருஷம் அங்க ஸ்கூல்ல படிச்சான். அமெரிக்கன் ஃபுட்பாலாம். ஃபீஸே கிடையாதாம். அவங்கம்மா வீடு வீடா லட்டு குடுக்குறா.”

“சாப்பிட்டீங்களா?”

“சுகர்னு சொல்லிட்டேன்.”

“உங்களுக்கு ஏதுக்கா சுகர்?” மாலா சிரித்தார்.

“சிரிக்காதடி. ஸ்போர்ட்ஸ் டேயில என் பையன் அருண்தான் எப்பவும் ஃபர்ஸ்ட், கார்த்திக் செகண்ட். பத்தாவது வந்ததும் அருணோட ஷூவை நான்தான் கார்கோல ஊருக்கு அனுப்பிட்டேன்.”

“அருண் இப்ப என்ன சொல்றான்?”

மூத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

“கதவைச் சாத்திக்கிட்டு படிக்கிறான்னு நெனச்சேன். கார்த்திக் ஓடுன வீடியோவையெல்லாம் வெட்டி ஒட்டி, காலேஜுக்கு அனுப்புறதுக்கு ரெடி பண்ணிக் குடுத்ததே அவன்தானாம். அதையும் கார்த்திக்கோட அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியுது.”