முளைத்த நெல்லும் மூன்று கையெழுத்தும்

கடைமடை உழவர் கூட்டமைப்பின் கணினிப் பிரிவைக் கட்டிக் காத்த தலைவியே! கண்டிப்பில் கரும்பாறையே, கனிவில் காவிரியே என்றெல்லாம்தான் தங்கள் பணிநிறைவு வாழ்த்து மடலை எழுதத் தொடங்கினோம். வாங்கிப் படித்த தாங்கள், "முளைச்ச நெல்லையும் எழுதுங்க. இல்லன்னா மடலே வேணாம்" என்றீர்கள். ஆகவே அதையும் எழுதுகிறோம், அன்பிற்குரிய மதுரம் அம்மா!

தாங்கள் பொறுப்பேற்ற நாளில் நம் கொள்முதல் நிலையங்களில் நடந்தது ஊரறிந்த கொள்ளை. குத்தாலத்தில் உழவர் வரிசையில் காய்ந்து கிடக்க, வியாபாரியின் நெல் உழவர் பெயரில் முன்னால் போனது. கணினியில் டோக்கன் வரிசையை மாற்றியவர் யார் என்று கேட்டால் எல்லாரும் கையை விரித்தார்கள். பாஸ்வேர்டு எல்லாரிடமும் இருந்தது.

அந்த வேளையில்தான் கணினிப் பணிக்கு ஒரு நெறியைத் தேர்ந்தெடுக்கும் சுமை தங்கள் தோளில் ஏறியது. நின்றுபோன சேவையை விரைந்து மீட்கும் வழியைச் சொல்வது ஐட்டில் என்னும் நெறி. யார் அனுமதியில், யார் பொறுப்பில் எது நடக்க வேண்டும் என்று வரையறுப்பது கோபிட் என்னும் நெறி. இரண்டிலும் வேண்டியதை எடுத்துச் சேர்க்கலாம் என்றீர்கள். சின்னப் பிரிவுக்கு இரண்டெல்லாம் எதற்கு, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் செயலர். குத்தாலத்து வரிசையை நினைத்துக் கோபிட் என்றீர்கள்.

அன்று முதல் தாங்கள், தணிக்கையாளர், செயலர் ஆகிய மூவரின் கையெழுத்து இல்லாமல் சர்வரில் ஒரு புள்ளியையும் எவரும் மாற்ற முடியவில்லை. கையூட்டுக்குக் கதவடைத்த காவலரே! வியாபாரிகள் தங்களைத் திட்டித் தீர்த்தார்கள். அதைவிடப் பெரிய பாராட்டை எங்களால் எழுத முடியாது.

பிறகு வந்தது போன தை மாதத்து மழை. குடவாசல் களத்தில் சம்பா நெல் குவிந்து கிடக்கையில் டோக்கன் மென்பொருள் நின்றது. டோக்கன் இல்லாமல் எடை போட முடியாது. கோளாறு எதுவென்று பார்த்த மாத்திரத்தில் தங்களுக்குத் தெரிந்துவிட்டது. சரிசெய்யத் தங்கள் கையெழுத்து இருந்தது, தணிக்கையாளரின் கையெழுத்தும் வந்தது. செயலரோ வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. விசைப்பலகையில் கை வைத்தபடி தாங்கள் உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம். தாங்கள் போட்ட வேலியைத் தாங்களே தாண்டவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைத்துவிட்டது.

குத்தகை நிலத்தில் பயிரிட்ட மருதையன் அந்த நெல்லை மடியில் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். கத்தவில்லை. "ஒங்க மெஷினு நின்னுச்சு, சரி. நீங்க ஏம்மா நின்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

விசாரணையில் தங்கள்மேல் குற்றமில்லை என்று எழுதி முடித்தார்கள். அன்றிலிருந்து தாங்கள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவசர நேரத்தில் பிரிவுத் தலைவர் முதலில் சரிசெய்துவிட்டு, அனுமதியைப் பிறகு பெறலாம் என்ற ஒரு வரியையாவது ஐட்டிலிலிருந்து எடுத்து விதியில் சேர்க்கச் சொல்லிக் கேட்டீர்கள். நிர்வாகக் குழு அதை மூன்று முறை ஒத்திவைத்திருக்கிறது. எங்களுக்கு வயிறு எரிகிறது, அம்மா.

ஓய்வு பெறுபவருக்கு அந்தப் போகத்துப் புது நெல்லை மஞ்சள் துணியில் முடிந்து தருவது நம் வழக்கம். தங்களுக்கென எடுத்து வைத்த நெல்லைத் திருப்பி அனுப்பி, குடவாசல் களத்தில் கழித்துப் போட்டதை அள்ளி வரச் சொன்னீர்கள். இதோ மேசைமேல் இருக்கிறது. காய்ந்துவிட்டாலும் முளை தெரிகிறது. மருதையனுக்கும் அழைப்பு அனுப்பினோம். அவர் வரவில்லை.

நேர்மையின் நிழலில் எங்களை வளர்த்தவரே! அந்த ஒரு வரி விதியில் ஏறும் நாளைக் கண்ணாரக் காணும் வரையில் தாங்கள் நோய்நொடியின்றி வாழ வேண்டும். இங்கே கோப்பு நகரும் வேகம் எங்களுக்குத் தெரியும். அதனால் மிக நீண்ட ஆயுளையே தங்களுக்கு வேண்டுகிறோம்.

அடுத்த மழையை நினைத்து அஞ்சியிருக்கும்,
கணினிப் பிரிவுப் பணியாளர்கள்,
தஞ்சாவூர்.