சத்தம் வராத சிறகு

இந்த அறையில் நாற்காலிகளை இப்படி எதிரெதிராகப் போட்டு நான் பார்த்ததே இல்லை. வழக்கமாகச் சுவரோரம் அடுக்கி வைத்திருப்பீர்கள். வருகிறவர்கள் ஆளுக்கொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தப் பறவையை எங்கே பார்த்தோம் என்று வாய் வலிக்கப் பேசுவோம். இன்று அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் ஒன்று. எனக்கு ஒதுக்கியதில் ஒரு கால் ஆடுகிறது. பரவாயில்லை, உட்கார்ந்துகொள்கிறேன்.

செயலாளர் ஐயா, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாமே. உங்கள் ஒரு கேள்வி முடிவதற்குள் முட்டை பொரிந்து குஞ்சு பறந்தே போய்விடும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பை தம்பி மட்டும் அந்தக் கேமராவைக் கீழே வைத்துவிடட்டும். அந்தச் சட்டையில் அத்தனை பை இருக்கிறதே தம்பி, ஏதாவது ஒன்றில் போட்டுக்கொள். டாக்டர், உங்களைத்தான் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. நேற்று தூங்கவில்லை போலிருக்கிறது.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர். முழங்கால் வலி தாங்காமல் தையல் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். திரைச்சீலை, தலையணை உறை, அவருடைய பழைய சட்டைகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தேன். "இப்படியே போனா ஒருநாள் என்னையும் பிரிச்சுத் தைச்சிடுவே. எங்கேயாவது போயிட்டு வாயேன்" என்றார். அவர் கையிலிருந்த பேப்பரில்தான் உங்கள் விளம்பரம் வந்திருந்தது. அடிபட்ட பறவைகளைப் பார்த்துக்கொள்ளத் தன்னார்வலர்கள் தேவை, முன்அனுபவம் அவசியமில்லை என்று.

உண்மைதான், கூண்டு கழுவ என்ன முன்அனுபவம் வேண்டும். முதலில் அதைத்தான் செய்தேன். பிறகு எலி வெட்டும் வேலை வந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து, வெந்நீரில் இளக்கி, பறவைக்குத் தக்கபடி துண்டு போட வேண்டும். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, முதல் எலியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிய ஆளை ஒரு வாரம் காணவில்லை. எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. எதை வெட்டினாலும் ஒரே அளவாக வெட்டிப் பழகிய கை இது. அப்போதுதான் எனக்கு டெய்லரம்மா என்று பேர் வைத்தீர்கள். அதற்குமுன் "அந்த அம்மா" என்பீர்கள்.

பிறகு கூகை வந்தது. ஆந்தை ஜாதிதான். வெள்ளை முகம், இதய வடிவம், வண்டியில் அடிபட்டு வலது இறக்கை எலும்பு முறிந்து ஒரு செருப்புப் பெட்டியில் வந்தது. டாக்டர் உள்ளே கம்பி வைத்து எலும்பைச் சேர்த்தீர்கள். எல்லாம் சரியாக நடந்தது, ஆனால் அது சாப்பிட மாட்டேன் என்றது. யார் நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் நீட்டியபோது வாங்கிக்கொண்டது. பசி முற்றிப்போன நேரத்தில் நான் போயிருப்பேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர் எதையும் அப்படித்தான் தட்டையாக்கிவிடுவார்.

அன்று நீங்கள் எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னீர்கள் டாக்டர். "டெய்லரம்மா இல்லன்னா இது பொழச்சிருக்காது."

நீங்கள் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டீர்கள். நான் அதை வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். காலமெல்லாம் பள்ளிச் சீருடை தைத்திருக்கிறேன். அக்குளில் பிடிக்கிறது, இடுப்பில் தொளதொள என்கிறது என்று சொல்லத்தான் ஆட்கள் திரும்பி வருவார்கள். சரியாக இருக்கிறது என்று சொல்ல யாரும் படியேறி வந்ததில்லை. சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் நீங்கள் சொன்னதை இரண்டு தடவை சொன்னேன். "கேட்டாச்சு" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கூகை என்னைக் கண்டதும் தலையைத் தாழ்த்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். டக் டக் என்று சொடக்குப் போடுகிற மாதிரி ஒரு சத்தம் செய்யும். "அம்மா, அது மிரட்டுது. கிட்ட வராதேங்குது" என்று சிரித்தீர்கள் டாக்டர். இருக்கலாம், நீங்கள் படித்தவர். என் மகளும் சின்ன வயதில் தலை வாரப் போனால் கிட்ட வராதே என்றுதான் கத்துவாள். வாரி முடித்தால் கண்ணாடி முன்னாலிருந்து எழுந்திருக்க மாட்டாள்.

எலும்பு கூடியது. நீளக் கூண்டில் அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கத் தொடங்கியது. அப்புறம் அந்தச் சோதனை வந்தது. நாம் எல்லோரும் கூண்டுக்குள் வரிசையாக நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கூகை தலைக்கு மேலே பறக்கும்போது யார் காதிலாவது சிறகுச் சத்தம் விழுந்தால் கையைத் தூக்க வேண்டும். செயலாளர் ஐயா அன்று வாய் திறக்காமல் இருந்ததே பெரிய செய்தி. அது பறந்து போயிற்று. எனக்கு நெற்றியில் கொஞ்சம் காற்றுப் பட்டது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் அது எதிர்க்கோடியில் உட்கார்ந்திருந்தது. யாரும் கையைத் தூக்கவில்லை.

நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள் டாக்டர். சிறகின் முன்ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய இழைகள் இருக்கின்றன, பின்ஓரத்தில் குஞ்சம் மாதிரி இருக்கிறது, அவைதான் காற்றைச் சத்தமில்லாமல் பிரிக்கின்றன என்றீர்கள். அது போய்விட்டால் எலிக்குக் கேட்டுவிடும், கூகை பட்டினி கிடந்து செத்துப்போகும், அதனால் சத்தத்தோடு பறக்கிற கூகையை ஒருநாளும் வெளியே விட மாட்டோம் என்றீர்கள். இவ்வளவு தெளிவாக யார் சொல்லிக்கொடுப்பார்கள்? நீங்கள் நல்ல வாத்தியார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் செயலாளர் ஐயாவிடம், "அப்புறம் எனக்கு என்னங்க வேலை?" என்று கேட்டேன். "வேற ஒண்ணும் இப்போதைக்கு இல்லம்மா. கூண்டெல்லாம் ஒரு தடவை நல்லாக் கழுவி வச்சிட்டாப் போதும்" என்றார். அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை.

எடை பார்ப்பதற்காக அதைத் துண்டில் சுற்றி மடியில் வைப்பது என் வேலைதானே. சனிக்கிழமை அப்படி வைத்திருந்தபோது வலது இறக்கையை விரித்து ஓரத்தை மட்டும் வெட்டினேன். நூல் கத்தரிக்கிற சின்னக் கத்தரி, எப்போதும் பையில் இருக்கும். வலிக்காது. இறகின் ஓரத்தில் உயிர் கிடையாது, நகம் வெட்டுகிற மாதிரிதான். பறக்க முடியாதபடி நான் எதையும் செய்யவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போனால் போதும் என்று நினைத்தேன். உண்மையாகவே அவ்வளவுதான் நினைத்தேன்.

விடுவதற்குமுன் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்ப்பது உங்கள் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். துணி உதறுகிற மாதிரி மேலே ஒரு சத்தம் போயிற்று. தம்பி கையைத் தூக்கினான். செயலாளர் ஐயாவும் தூக்கினார். எல்லோருக்கும் கடைசியில், கொஞ்சம் தயங்கி, நானும் தூக்கினேன்.

தோள்மூட்டு இறுகிவிட்டது, அதனால் இறக்கை கோணலாக விழுகிறது என்று நீங்களே ஒரு காரணம் கண்டுபிடித்தீர்கள் டாக்டர். "என் கைதான் சரியில்ல" என்று பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன், சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடவே போட்டு. உங்களுக்கு நினைவிருக்கும்.

இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஒன்றிரண்டாகத்தான் முளைக்கும். முளைக்க முளைக்க ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீங்கள் மூட்டுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், எக்ஸ்ரே எடுத்தீர்கள், எங்கெங்கோ இருக்கிற பெரிய டாக்டர்களிடம் போனில் கேட்டீர்கள். அடுத்த சோதனையிலும் அது தேறவில்லை. அதற்கடுத்ததிலும் தேறவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"நீ அதை விட மாட்டியா?"

"நான் யாருங்க விடறதுக்கும் பிடிக்கிறதுக்கும்? டாக்டர்தானே சொல்லணும்" என்றேன். அவர் மடித்த பேப்பரைத் திறக்கவில்லை.

அந்த ஒரு வருஷம் நான் நன்றாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. முழங்கால்கூட வலிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களை என்னிடம் அனுப்பி, "டெய்லரம்மா எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பாத்துக்கோங்க" என்பீர்கள். நானும் காட்டிக்கொடுப்பேன்.

அப்புறம் இதே அறையில் அந்தக் கூட்டம் நடந்தது. காட்டுக்குத் திரும்ப முடியாத பறவையைக் காலமெல்லாம் கூண்டில் வைத்திருப்பது கொடுமை, ஒரு வருஷத்துக்குமேல் வைத்திருப்பதில்லை, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவதுதான் நம் விதி என்று செயலாளர் ஐயா விளக்கினார். அந்த விதியை அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் மட்டும் விடவில்லை டாக்டர். இறகு ஒட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், செத்த கூகையின் இறகை எடுத்து உயிரோடு இருப்பதற்கு ஒட்டவைப்பார், அடுத்த மாதம் வருவதாகச் சொல்கிறார் என்றீர்கள். ஒவ்வொரு இறகாக லென்ஸ் வைத்துப் பார்ப்பார், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்றும் சொன்னீர்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "அம்மா, அதை எங்க எல்லாரையும்விட உங்களுக்குத்தான் தெரியும். ஒரு மாசம் பாக்கலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நினைத்தது இவ்வளவுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் இந்தக் கதவுக்குள் நான் இனிமேல் வர முடியாது.

"வேண்டாம் கண்ணு. அதைப் போட்டு இன்னும் படுத்த வேண்டாம். போதும்" என்றேன்.

நடிக்கவில்லை, அழுகை உண்மையிலேயே வந்தது. செயலாளர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பை தம்பி வந்து என் தோளைத் தொட்டான். அத்தனை பையில் ஒன்றில்கூடக் கைக்குட்டை இல்லை, பாவம்.

ஊசி போட்டபோது அதைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். என் கையில் இருந்தால்தான் அடங்கியிருக்கும் என்று நீங்களே கேட்டீர்கள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். டக் டக் என்று சொன்னது. பிறகு சொல்லவில்லை. எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? நீங்கள் திரும்பி நின்றுகொண்டீர்கள். இந்தச் சின்ன வயதில் இதெல்லாம் தாங்காது.

எங்கே தப்பு செய்தோம் என்று பார்ப்பதற்காக அந்த வலது இறக்கையை நீங்கள் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. எலும்பு புதிது போலக் கூடியிருந்ததாம், மூட்டில் ஒரு குறையும் இல்லையாம். அப்படியானால் உங்கள் கை நல்ல கைதான் டாக்டர். அதற்கு நான் சந்தோஷப்படுகிறேன். நடுவில் இதே மாதிரி எலும்பு முறிந்து வந்த பருந்துக்கு, என்னால் முடியாது என்று நீங்கள் அறுவை செய்யாமலே ஊசி போட்டுவிட்டீர்கள். அதையும் இறகை வெட்டியவர் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று செயலாளர் ஐயா சொன்னாராம். அது கொஞ்சம் அதிகப்படி என்று எனக்குத் தோன்றுகிறது.

முந்தாநாள் லென்ஸிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு, "இது தானா உடையல. யாரோ வெட்டியிருக்காங்க. ரொம்பச் சுத்தமா வெட்டியிருக்காங்க" என்று சொன்னீர்களாம். தம்பிதான் வந்து சொன்னான். சுத்தமாக என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை நாளில் யாரும் கண்டுபிடிக்காதபடி வெட்ட வேண்டுமானால் கை நடுங்கக் கூடாது.

ஆக, வெட்டியது நான்தான். அது நல்லபடியாக இருக்கிறது என்று தெரிந்தே ஊசிக்குச் சம்மதித்ததும் நான்தான். யாரையும் சந்தேகப்பட வேண்டாம். கூண்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டேன்.

இருங்கள், டாக்டர் ஏதோ கேட்கிறார். கேளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

"அன்னைக்குக் கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது இன்னைக்கு உயிரோட இருந்திருக்குமே. திட்டியிருப்பேன், அவ்வளவுதானே. ஏம்மா சொல்லல?"

என்ன டாக்டர் இது, இவ்வளவு படித்துவிட்டு இப்படிக் கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னை வரவேண்டாம் என்றிருப்பீர்கள். அப்புறம் அதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?